இருபத்திரண்டாம் வரிசை அப்பா

"அப்பாவா? அப்பா குளிச்சுட்டு இருக்காரே" என்றார் லமார் பிரூவிட், வாயிலிருந்த சோளரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு.

அப்பா ஹாலிஸ் பிரூவிட் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. டாலிவர் ஊர்க் கல்லறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் படுத்திருக்கிறார். அங்கே குளிக்கிற வசதி கிடையாது.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி வெர்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தாள்.

போனில் இருந்தவள் மிஸ் கெண்டல் ஆஷ்பி. பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு நீர்நாய்கள் என்று பெயர். நீர்நாய்களுக்குப் பணம் திரட்டும் 'நீர்நாய் நேசர் மன்ற'த்தில் அவள் அதிகாரி. குரலிலேயே சர்க்கரைப் பாகு ஊற்றிப் பேசுவாள்.

"நிதானமா குளிக்கட்டும் சார், தொண்ணூத்தி நாலு வயசாச்சே! நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்கப்பா சீசன் டிக்கெட் வாங்க ஆரம்பிச்சு இந்த வருஷத்தோட அறுபது வருஷம். நவம்பர் கடைசி சனிக்கிழமை, ஸ்டேட் காலேஜ் ஆட்டத்தன்னிக்கு, இடைவேளையில அவரை மைதானத்து நடுவுல நிக்க வச்சு கோட்டு போட்டுக் கௌரவிக்கப் போறோம். எண்பதாயிரம் பேர் எழுந்து நின்னு கை தட்டுவாங்க!"

"அவருக்குக் கூச்ச சுபாவம் மேடம்."

"அதையெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். நாளைக்கு மத்தியானம் கூப்பிடறேன். அவர்கிட்டயே சொல்லணும்னு ஆசை."

லமார் போனை வைத்தார். வெர்னா மெதுவாகக் கேட்டாள்: "துண்டு எடுத்துக் குடுத்தியா?"

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காசு கொடுத்தால் மட்டும் ஃபுட்பால் டிக்கெட் கிடைத்துவிடாது. டிக்கெட்டை வாங்குகிற உரிமைக்கே முதலில் நன்கொடை கட்ட வேண்டும். நன்கொடை என்றால் மனசாரக் கொடுப்பது என்று யாராவது நினைத்தால் அவர் இந்தப் பக்கமே வராதவர். எங்கள் நன்கொடைக்குக் கடைசித் தேதி உண்டு, தாமதக் கட்டணம் உண்டு, நினைவூட்டுக் கடிதம் உண்டு. கட்டாவிட்டால் இடம் போய்விடும். கொடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் புள்ளிகள், புள்ளிக்கேற்ற இடம். புருஷன் செத்தால் புள்ளிகள் பெண்டாட்டிக்குப் போகும். மகனுக்குப் போகாது. மகன் பூஜ்யத்தில் ஆரம்பித்து, உச்சாணிக் கொம்பில், ஆட்டக்காரர்கள் எறும்பாகத் தெரிகிற இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

ஹாலிஸுக்கு முன்னாலேயே அவர் மனைவி போய்விட்டாள். ஹாலிஸ் போகும்போது மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்ச் முப்பத்தொண்ணு... ரின்யூவல்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். லமார் மருத்துவமனைக்குச் சொன்னார், தேவாலயத்துக்குச் சொன்னார், பத்திரிகைக்குக்கூடச் சொன்னார். நேசர் மன்றத்துக்கு மட்டும் சொல்லவில்லை. வருஷா வருஷம் அப்பாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டு, இருபத்திரண்டாம் வரிசையில் ஏழு, எட்டு இரண்டையும் காப்பாற்றி வருகிறார். இப்படி ஒரு யோசனை டாலிவரில் தனக்கு மட்டும்தான் தோன்றியது என்று அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய இடம் என்னவென்றால், ஒரு அலுமினியப் பலகை. முதுகு சாய எதுவும் கிடையாது. பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு எண் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதிலும் லமார் உட்காருவது வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஏ.சி. பழுது பார்க்கிறவருக்கு அந்த நன்கொடையெல்லாம் கட்டுப்படியாகுமா? அதனால் மற்ற ஆட்டங்களின் டிக்கெட்டை எல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு விற்று, அந்தக் காசை நன்கொடையாகக் கட்டிவிட்டு, கடைசி ஆட்டமான ஸ்டேட் காலேஜ் ஆட்டத்துக்கு மட்டும் வெர்னாவோடு போவார். அந்த ஒரு நாள் அக்கம்பக்கத்து வரிசைக்காரர்கள், "வாங்க பிரூவிட்!" என்பார்கள். அவர் வாழ்க்கையில் வேறெங்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த ஒரு நாளை இழக்க அவர் தயாராக இல்லை.

மறுநாள் காலை முழுவதும் லமார் கண்ணாடி முன் நின்று அப்பா மாதிரி பேசிப் பழகினார். மத்தியானம் போன் வந்தது.

"யாரு... ஹாலிஸ்தான் பேசறேன்" என்று நடுங்கும் குரலில் சொல்லி, இருமியும் காட்டினார்.

"மிஸ்டர் ஹாலிஸ் பிரூவிட்! உங்க குரலைக் கேக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்! விழாவுக்கு அவசியம் வரணும். அப்புறம் ஒரு சின்ன விஷயம். அடுத்த வருஷத்துலேர்ந்து இருபத்திரண்டாம் வரிசை வெள்ளி நேசர்களுக்குன்னு மாறுது. நீங்க வெண்கலம். இப்போ இடத்துக்கு எண்ணூத்தம்பது டாலர் நன்கொடை குடுக்கறீங்க. வெள்ளின்னா ஆயிரத்தறுநூறு."

லமாருக்குப் புரையேறிவிட்டது. இதுவரை இருமியது நடிப்பு. இப்போது வந்தது அசல் இருமல். கண்ணில் நீர் கொட்ட, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க சார், உங்க பாசம் எங்களுக்குத் தெரியாதா! வெள்ளியில போட்டுட்டேன். பாதியை இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பினாப் போதும். உடம்பைப் பாத்துக்கங்க."

போன் வைக்கப்பட்டது. லமார் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சொந்தக் குரலில் திரும்பக் கூப்பிட்டார்.

"மேடம், நான் மகன் பேசறேன். அந்த வெள்ளியெல்லாம் வேண்டாம், எடுத்துடுங்க."

"உங்கப்பாவே ஒத்துக்கிட்டாரே சார், இப்பத்தானே?"

"அவருக்கு நிதானம் இல்லை மேடம். வயசாச்சு, என்ன பேசறோம்னே தெரியலை."

"அடடா! நிதானம் இல்லைன்னா நாங்க கணக்கைச் சரிபார்க்கணுமே சார். அவர் அடையாள அட்டையோட நேர்ல வரணும், டாக்டர் சீட்டு வேணும்..."

"நிதானமெல்லாம் இருக்கு! கல்லு மாதிரி இருக்கார்! காலையிலகூடப் பேப்பர் படிச்சார்!"

"கேக்கவே சந்தோஷமா இருக்கு சார். அப்ப வெள்ளியே இருக்கட்டும். ஒரு ஆச்சரியம் பாருங்க. இந்த சீசன்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மூத்த நேசரைக் கௌரவிக்கறோம். நான் போன் பண்ணினதுமே எல்லாக் குடும்பமும் மனசார ஒரு படி மேல ஏறிடறாங்க."

அந்த மனசார என்ற வார்த்தையைக் கேட்டதும் லமார் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. கூரைக்கென்று வெர்னா பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தாள். லமார் அதைக் கேட்க வாயெடுத்தபோது அவள் எழுந்துபோய், சமையலறை நடுவில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியைத் தூக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே இடத்தில் நங்கென்று வைத்தாள்.

"செத்தவருக்கு வெள்ளி, இருக்கறவளுக்கு வாளி. அதானே?"

"வெர்னா, அறுபது வருஷப் புள்ளி..."

"உங்கப்பா உசுரோட இருந்தப்ப எனக்கு இத்தனை செலவு வச்சதே இல்லை, லமார். மனுஷன் வருவாரு, ரெண்டு துண்டு கோழி தின்பாரு, போயிடுவாரு."

கூரைப் பணத்தை அவர் தொடவில்லை, தொடவிட்டிருந்தால்தானே. மீன்பிடிக்கிற படகை விற்றார். வாங்கியவன் அதன் மோட்டாரைக் குறை சொல்லிச் சொல்லியே பாதி விலைக்கு அடித்துவிட்டான். பணம் மன்றத்துக்குப் போயிற்று. மறு தபாலில், வெள்ளி நிறத்தில் நீர்நாய்ப் படம் போட்ட ஒரு ஒட்டுத்தாள் வந்தது. காரில் ஒட்டிக்கொள்ளவாம்.

பணம் போனால் போகட்டும், விழாவை எப்படித் தவிர்ப்பது? லமார் இரண்டு நாள் யோசித்து, ஒரு நல்ல பொய்யைச் செதுக்கிக்கொண்டு போன் செய்தார்.

"மேடம், அப்பா வழுக்கி விழுந்துட்டார். இடுப்புல அடி. விழாவுக்கு வர முடியாது."

"ஐயோ பாவமே!" என்றாள் கெண்டல். அன்று சாயங்காலமே வாசலுக்கு ஒரு பழக்கூடை வந்துவிட்டது. கூடையில் ஒரு சீட்டு: 'வியாழக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்.'

லமார் ஓடிப்போய்ப் போனை எடுத்தார். "மேடம், வியாழக்கிழமை அவர் வீட்டுல இருக்க மாட்டார். முதியோர் இல்லத்துல சேத்துட்டோம்."

"எந்த இல்லம் சார்?"

லமாருக்குத் தெரிந்தது ஒரே இல்லம்தான். மாதாமாதம் ஏ.சி. பார்க்கப் போகிற இடம். "மக்னோலியா இல்லம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நம்ம ஆபீஸ்லேர்ந்து பத்து நிமிஷம்! அங்கேயே வந்துடறேன்."

"வேண்டாம் மேடம்! அவரே வர்றார்! விழாவுக்கு வந்தே தீருவேன்னு ஒரே அடம். சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்துடறேன்."

"அருமை சார்! சக்கர நாற்காலின்னா சரிவுப் பாதை வழியா வரணும். அது தங்க நேசர் வாசல். அன்னிக்கு மட்டும் உள்ள விட அனுமதி வாங்கித் தரேன். ஒரு ஐந்நூறு டாலர் நன்கொடை போதும்."

விற்க லமாரிடம் இனி என்ன மிச்சம்? ஸ்டேட் காலேஜ் ஆட்டத்துக்கான அந்த இரண்டு டிக்கெட். அன்றைக்கு எப்படியும் கீழே மைதானத்தில் நிற்கத்தானே போகிறோம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு அதையும் விற்றார். ஆக, இருபத்திரண்டாம் வரிசையைக் காப்பாற்றியவர் இந்த வருஷம் அதில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. வெர்னாவிடம் அதைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. "நல்லது, அன்னிக்கு நான் வாளியைப் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்பா ஒருவர் வேண்டும். தொண்ணூறு வயசுக்கு மேல், உயிரோடு. அதே வியாழக்கிழமை லமார் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மக்னோலியா இல்லத்துக்குப் போனார். எட்டாம் அறையில் எஸ்டல் கிரப்ஸ் என்றொரு கிழவர், தொண்ணூற்று மூன்று வயசு, ஜன்னலோரம் அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். லமார் ஏ.சி. மூடியைக் கழற்றுகிற பாவனையில் கழற்றி, வடிகட்டியைத் தட்டி, தொண்டையைச் செருமி, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

கிழவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நவம்பர் கடைசி சனிக்கிழமையா? காலியாத்தான் இருக்கேன் தம்பி. அம்பது டாலர், ஒரு பாட்டில் விஸ்கி. நடக்கணுமா, நாற்காலியா?"

"நாற்காலி, பெரியவரே."

"நாற்காலின்னா சுலபம். அழணுமா?"

"அழறதா?"

"கோட்டு போடறப்ப கண்ணு கலங்கினா நல்லா இருக்கும். இருபது டாலர் கூட ஆகும்."

"அழ வேண்டாம்" என்றார் லமார். அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. "பெரியவரே, கொஞ்சம் விவரம் மனசுல வச்சுக்கங்க. உங்க பேரு ஹாலிஸ். ரயில்வேயில முப்பத்தெட்டு வருஷம். மனைவி பேரு ஓப்பல். வலது காதுல..."

"அட விடு தம்பி, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று இன்னொரு கடலையை உரித்தார் எஸ்டல். "மேலும் கீழும் தலையாட்டணும், கையை ஆட்டணும், முடிஞ்சது. விஸ்கியை மட்டும் நர்ஸ் கண்ணுல படாம கொண்டா."

அனுபவப்பட்ட மனுஷன், பதட்டமே இல்லை என்று லமார் நிம்மதியாக மூடியை மாட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வந்தது. வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கூடாரமும் கரி அடுப்பும் பன்றி இறைச்சிப் புகையுமாக ஊரே திரண்டிருந்தது. லமார், அப்பாவின் பழைய தொப்பியைக் கிழவர் தலையில் வைத்து, கால்மேல் போர்வையைப் போர்த்தி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தொப்பியில் அப்பாவின் தலை எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. அதை வேறொருவர் தலையில் வைத்தது லமாருக்கு என்னமோ போலிருந்தது. தங்க நேசர் வாசலைத் தேடி அவர் வலப்பக்கம் திரும்பப் போனபோது, "இடது பக்கம் தம்பி. வலது பக்கம் படிக்கட்டு" என்றார் எஸ்டல்.

உள்ளே, மைதானத்துக்குப் போகும் நீண்ட நடையின் வாய்க்கு வந்ததும் லமார் நின்று, நிமிர்ந்து, இருபத்திரண்டாம் வரிசையைத் தேடினார். கண்ணை மூடிக்கொண்டுகூட அவரால் அதைக் காட்ட முடியும். ஏழிலும் எட்டிலும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை ஸ்டேட் காலேஜ் ஆரஞ்சு நிறம். அந்த ஆள், அப்பா உட்காருகிற ஏழாம் எண்மேல் பூட்ஸ் காலை வைத்து நின்றுகொண்டு நீர்நாய்களைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்து வரிசைக்காரர்கள் அவனை முறைத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டை எவன்டா இவனுக்கு விற்றான் என்று அவர்கள் கேட்டுக்கொள்வது கீழே நிற்கிறவருக்குக் கேட்காமலே கேட்டது. மன்னிச்சுக்கப்பா என்று லமார் வாய்க்குள் சொன்னார். நாற்காலியில் இருந்த அப்பா, "எனக்குக் கொஞ்சம் கடலை வாங்கிக் குடு" என்றார்.

இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கெண்டல் ஆஷ்பி கையில் ஒரு பட்டியலோடு விரைந்து வந்தாள். நேரில் பார்த்தால் குரலைவிட இளமை.

"மிஸ்டர் ஹாலிஸ் பிரூவிட்! ஒருவழியா உங்களைப் பாத்துட்டேன்!" என்று குனிந்து கிழவர் கையைக் குலுக்கினாள். எஸ்டல் மேலும் கீழும் தலையாட்டினார்.

லமார் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னும் ஐந்து நிமிஷம், அப்புறம் கைதட்டல், அப்புறம் வீடு. அடுத்த வருஷம் வெர்னாவை எப்படியாவது சமாதானம் பண்ணி, அந்தப் பலகையில் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். கூரையும் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறக்கும். அவர் குளிரிலும் வியர்த்துக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்பாவுக்குக் காது கேக்காது மேடம். பேச்சும் சரியா வராது. ஆனா நிதானம் நல்லா இருக்கு. ரயில்வேயில முப்பத்தெட்டு வருஷம், அம்மா பேரு ஓப்பல்..."

"தெரியும் சார், தெரியும்" என்று கெண்டல் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். "அடுத்த வருஷம் தங்கத்தைப் பத்தி ஒரு நாள் பேசுவோம். இப்ப கோட்டு போட்டுடலாமா?"

மன்றத்தின் தையல்காரப் பெண்மணி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தோளில் ஒரு நீலக் கோட்டோடு வந்தாள். கிழவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அளவு எடுக்கவே இல்லை. கோட்டைக் கச்சிதமாக அவர் தோளில் மாட்டி, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே கெண்டல் நிற்கிறாளே என்று கொஞ்சம்கூடக் குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்:

"வாங்க தாத்தா! போன மூணு ஆட்டத்துக்கும் போட்ட அதே கோட்டுதான், உங்களுக்காகத் துவைச்சு வச்சிருக்கேன். இந்த வாரம் எந்த வீட்டு அப்பா?"